முதல் ஆப்பை பிளே ஸ்டோரில் வெளியிடும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்ட்ராய்டு ஆப் எழுதக் கற்றுக்கொண்ட தம்பிகளும் தங்கைகளும் ரிலீஸ் நேரத்தில் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கோடிங்கில் தடுமாறாதவர்கள்கூட, ஆப்பை ஏற்றி நிர்வகிக்கும் கூகுள் தளமான பிளே கன்சோலைத் திறந்ததும் திகைத்துப்போகிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். தனி ஆளாக முதல் ஆப்பை வெளியிடுபவரை மனதில் வைத்து எழுதியது இது. உதாரணம் தேவைப்படும் இடங்களில் ஒரு தம்பி எழுதிய மொய்க் கணக்கு ஆப்பை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மாற்றவே முடியாத விஷயங்கள் கொஞ்சம்தான். அவற்றில் மட்டும் நிதானம் வேண்டும். மற்றதை எல்லாம் அடுத்த அப்டேட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

அக்கா, ஆப் எழுதி முடிச்சிட்டேன். பிளே ஸ்டோர்ல போட எவ்வளவு செலவாகும்?

டெவலப்பர் அக்கவுண்ட்டுக்கு 25 டாலர், ஒரே ஒரு முறை. அதன் பிறகு எத்தனை ஆப் போட்டாலும் அந்த அக்கவுண்ட் போதும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி உள்ள கிரெடிட் அல்லது டெபிட் கார்டு வேண்டும். ப்ரீபெய்டு கார்டை ஏற்க மாட்டார்கள். ஆப்பிள் பக்கம் போனால் ஆண்டுக்கு 99 டாலர், ஒவ்வொரு ஆண்டும் கட்ட வேண்டும். அதனால் முதல் ஆப்புக்கு ஆண்ட்ராய்டே போதும் என்பது என் கருத்து.

பணம் கட்டியதும் அடையாளச் சரிபார்ப்பு வரும். அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, இனிஷியல் உட்பட, கூகுள் பேமெண்ட்ஸ் புரொஃபைலிலும் இருக்கட்டும். நம் ஊரில் இனிஷியல் ஒரு அட்டையில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் விரிந்து அப்பா பெயராக இருக்கும். சரிபார்ப்பு இழுத்தடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

பர்சனல் அக்கவுண்ட், ஆர்கனைசேஷன் அக்கவுண்ட்னு ரெண்டு கேக்குது. எதை எடுக்கறது?

பதிவு செய்த நிறுவனம் இருந்தால் மட்டும் ஆர்கனைசேஷன். அதற்கு டி-யு-என்-எஸ் எண் என்ற நிறுவன அடையாள எண் தேவை. இல்லையென்றால் பர்சனல்தான்.

பர்சனல் அக்கவுண்ட்டில் உங்கள் சட்டப்படியான பெயரும் நாடும் டெவலப்பர் மின்னஞ்சலும் ஸ்டோர் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆப் வழியாகப் பணம் வாங்க ஆரம்பித்தால் முழு முகவரியும் தெரியும். வீட்டு முகவரி வெளியே போகப்போகிறது என்பதைத் தனியாக இருக்கும் தங்கைகள் முன்கூட்டியே யோசித்துவிடுவது நல்லது. மின்னஞ்சலுக்கு மட்டுமாவது சொந்த ஐடியைக் கொடுக்காமல் ஆப்புக்கென்று தனியாக ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ் நேம்னு ஒண்ணு இருக்கே, அதுல என்ன வெச்சாலும் பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. மாற்ற முடியாதவற்றில் முதலாவது இதுதான். ஆப்பின் பெயரை நாளைக்கே மாற்றலாம், ஐகானை மாற்றலாம். பேக்கேஜ் நேம் ஒருமுறை பிளே கன்சோலுக்குள் போய்விட்டால் அதுதான் அந்த ஆப்பின் நிரந்தர அடையாளம். மாற்றினால் அது வேறு ஆப். பழைய பயனர்களும் ரிவியூக்களும் கூட வரமாட்டார்கள்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தானாகத் தரும் 'காம்.எக்ஸாம்பிள்' என்று தொடங்கும் பெயரைப் பிளே ஏற்காது. சொந்த டொமைன் இருந்தால் அதைத் திருப்பிப் போட்டு எழுதுவது வழக்கம். இல்லாவிட்டால் உங்கள் பெயரை வைத்து ஒன்று உருவாக்கலாம். 'டெஸ்ட்', 'ஃபைனல்2' போன்ற சொற்கள் வேண்டாம். ஸ்டோர் பக்கத்தின் இணைப்பில் அது எல்லோர் கண்ணிலும் படும்.

ஏபிகே ஃபைல் ரெடியா இருக்கு. அதையே அப்லோட் பண்ணலாமா?

முடியாது. ஏபிகே என்பது போனில் நேராக நிறுவும் ஃபைல். 2021 ஆகஸ்ட் முதல் புதிய ஆப்களுக்கு ஏஏபி எனப்படும் ஆப் பண்டில் கட்டாயம். அதிலிருந்து ஒவ்வொரு போனுக்கும் பொருந்தும் ஏபிகே-யைக் கூகுளே தயாரித்து அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் பில்ட் மெனுவிலேயே இதற்கு வழி இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வெர்ஷன் கோடு என்பது முழு எண். ஒவ்வொரு அப்லோடுக்கும் அது முந்தையதைவிட அதிகமாக இருக்க வேண்டும். பயனருக்குத் தெரியும் '1.0' என்பது வெர்ஷன் நேம், அதை இஷ்டப்படி எழுதலாம். அடுத்து டார்கெட் ஏபிஐ, அதாவது எந்த ஆண்ட்ராய்டு வெர்ஷனைக் குறிவைத்து ஆப் எழுதப்பட்டது என்று சொல்லும் எண். 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய ஆப்கள் ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது ஏபிஐ 35-ஐ, குறிவைத்திருக்க வேண்டும். இந்த அளவு ஆண்டுக்கு ஒரு படி ஏறுவது வழக்கம். பழைய டுடோரியல் பார்த்து எழுதியவர்கள் மாட்டுவது இங்கேதான்.

கீஸ்டோர் ஃபைலைத் தொலைச்சா ஆப்பே போச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?

ஒரு காலத்தில் நிஜம். ஆப் உங்களுடையதுதான் என்று டிஜிட்டல் கையெழுத்திடும் சாவியை வைத்திருக்கும் ஃபைல்தான் கீஸ்டோர். இப்போது இரண்டு சாவிகள் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது அப்லோடு கீ. பயனர்களுக்குப் போகும் ஆப்பில் கையெழுத்திடும் சாவி கூகுளிடம் இருக்கிறது. அப்லோடு கீ தொலைந்தாலும் பிளே கன்சோலில் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். ஆப் போகாது, சில நாள் வீணாகும்.

அதற்காக அலட்சியம் வேண்டாம். கீஸ்டோர் ஃபைலையும் பாஸ்வேர்டையும் லேப்டாப்புக்கு வெளியே இன்னொரு இடத்தில் வையுங்கள். புரோகிராம்களை இணையத்தில் சேமித்துப் பகிரும் கிட்ஹப்பில் மட்டும் ஏற்றாதீர்கள். பிராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே கீஸ்டோரை வைத்திருப்பவர்கள் தெரியாமல் அதையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள்.

என் போன்ல சூப்பரா ஓடுது அக்கா. ரிலீஸ் பில்ட் மட்டும் தொறந்த உடனே மூடிக்குது. ஏன்?

எழுதும்போது சோதிக்கும் டீபக் பில்டும் வெளியிடும் ரிலீஸ் பில்டும் ஒன்றல்ல. ரிலீஸில் மினிஃபை செய்ய, அதாவது ஆப்பின் அளவைச் சுருக்க, சொல்லியிருந்தால் ஆர்8 என்ற கருவி, பயன்படாத புரோகிராம் வரிகளை வெட்டிவிட்டு மிச்சத்தின் பெயர்களைச் சுருக்கிவிடும். ஜேசன் தரவைப் படிக்கும் கிளாஸ்கள் பெயரை நம்பி இயங்கினால், பெயர் மாறியதும் ஒன்று கிராஷ் ஆகும், இல்லை சத்தமில்லாமல் வெற்று மதிப்பு (null) வந்து நிற்கும். அந்தக் கிளாஸ்களை வெட்டாதே, பெயரை மாற்றாதே என்று சொல்லும் கீப் ரூல் எழுத வேண்டும்.

முதலில் மினிஃபையை நிறுத்திவிட்டு ரிலீஸ் பில்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கோளாறு இதுதான். ஓடாவிட்டால், கோளாறுகளைப் பதிந்து காட்டும் லாக்கேட்டில் 'காஸ்டு பை' (Caused by) வரியைத் தேடுங்கள்.

பிளே ஸ்டோர்ல இருந்து இறக்குனா மட்டும் கூகுள் லாகின் வேலை செய்யல. கேபிள் போட்டு ஏத்துனா வேலை செய்யுது.

கீஸ்டோர் கேள்வியில் சொன்ன இரண்டு சாவிகள்தான் காரணம். கேபிள் வழியாகப் போட்ட ஆப்பில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. பிளே வழியாக வந்ததில் கூகுளிடம் உள்ள சாவியின் கையெழுத்து. லாகின் போன்ற வசதிகளைத் தரும் கூகுள் சேவையான ஃபயர்பேஸில் நீங்கள் பதிந்துவைத்த எஸ்எச்ஏ-1 கைரேகை, அதாவது சாவியை அடையாளம் காட்டும் குறியீடு, முதலாவதற்கு மட்டுமே பொருந்தும்.

பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தைத் திறந்தால் ஆப் சைனிங் கீயின் எஸ்எச்ஏ-1 தெரியும். அதை நகலெடுத்து ஃபயர்பேஸ் பிராஜெக்ட் செட்டிங்கில் கூடுதலாகச் சேருங்கள். பழையதை நீக்க வேண்டாம். கூகுள் மேப்ஸ் வெறும் சாம்பல் கட்டமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் இதே காரணம்தான். அங்கே மேப்ஸைப் பயன்படுத்தத் தரப்படும் ஏபிஐ கீயின் கட்டுப்பாட்டில் இந்தக் கைரேகையைச் சேர்க்க வேண்டும்.

12 பேரு 14 நாள் டெஸ்ட் பண்ணணுமாமே! அவ்வளவு பேருக்கு நான் எங்க போவேன்?

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய பர்சனல் அக்கவுண்ட்டுகளுக்கு இந்த விதி. முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். நீங்கள் அழைப்பவர்கள் மட்டும் சேரும் குளோஸ்டு டெஸ்டிங்கில் குறைந்தது 12 பேர் 14 நாள் இடைவிடாமல் சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். இன்டர்னல் டெஸ்டிங் இதற்குக் கணக்கில்லை. அது நூறு பேர் வரை உடனே அனுப்பிப் பார்க்க மட்டும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடங்களைச் சொல்கிறேன். மின்னஞ்சல் பட்டியலில் சேர்த்தால் மட்டும் ஒருவர் டெஸ்டர் ஆகிவிடமாட்டார். நீங்கள் அனுப்பும் டெஸ்டிங் இணைப்பை அவர் திறந்து சம்மதம் கொடுத்து, பிளேயில் இருந்து ஆப்பை இறக்க வேண்டும். நீங்கள் பட்டியலில் போட்ட ஜிமெயிலும் அவர் போனின் பிளே ஸ்டோரில் இருக்கும் ஜிமெயிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சித்தப்பா போனில் எந்த ஐடி ஓடுகிறது என்று அவருக்கே தெரியாது, நேரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருக்கும் நண்பர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் பயனில்லை. நடுவில் யாராவது விலகினால் எண்ணிக்கை 12-க்குக் கீழே போய்விடும் என்பதால் இருபது பேரையாவது சேருங்கள். 14 நாளுக்குள் புதிய பில்ட் ஏற்றலாம், அதனால் நாள் கணக்கு கெடாது. ஏற்றுவதுதான் நல்லதும்கூட.

காசு வாங்கிக்கொண்டு டெஸ்டர்களைத் தரும் டெலிகிராம் குழுக்கள் இருக்கின்றன. போகாதீர்கள். விண்ணப்பத்தில் டெஸ்டர்களை எப்படிச் சேர்த்தீர்கள், என்ன கருத்துச் சொன்னார்கள், அதைக் கேட்டு எதை மாற்றினீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். ஆப்பைத் திறந்தே பார்க்காத ஆட்களை வைத்துக்கொண்டு அதற்கு நேர்மையாகப் பதில் எழுத முடியாது. 'இன்னும் டெஸ்ட் செய்யுங்கள்' என்று திரும்பி வரும். மொய் ஆப் எழுதிய தம்பி, கல்யாண வீட்டில் மொய் எழுத உட்காரும் உறவுக்காரர்களையே டெஸ்டர்களாகப் பிடித்தான். அவர்களில் ஒரு பெரியப்பா போனில் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்திருந்தார். ரூ.1,001 என்று எழுதியது பட்டியலில் ரூ.1,0 என்று வெட்டுப்பட்டு நின்றது. 'என்னப்பா, நான் பத்து ரூபாயா செஞ்சேன்?' என்று கேட்டிருக்கிறார். கல்லூரி நண்பர்களின் போனில் இது ஒருநாளும் வெளியே வந்திருக்காது. இந்த 14 நாளைத் தண்டனையாக நினைக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நான் யாரு தகவலையும் எடுக்கலையே, எனக்கு எதுக்குப் பிரைவசி பாலிசி?

எல்லா ஆப்புக்கும் கட்டாயம். எதையும் சேகரிக்கவில்லை என்றால் அதையே எழுதி, யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு இணையப் பக்கத்தில் வையுங்கள். பிறர் பாலிசியை நகலெடுத்து ஒட்டினால் உங்கள் ஆப் செய்யாததை எல்லாம் செய்வதாக ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஆப் எந்தத் தகவலை எடுக்கிறது என்று அறிவிக்கும் டேட்டா சேஃப்டி படிவத்தில்தான் கவனம் தேவை. போனுக்குள்ளேயே இருந்து வெளியே போகாத தரவு, 'சேகரிப்பு' என்ற கணக்கில் வராது. ஆனால் நீங்கள் சேர்த்த எஸ்டிகே-க்கள், அதாவது பிறர் எழுதிய கருவித் தொகுப்புகள், எடுப்பதும் உங்கள் கணக்குதான். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப் சேர்த்தாலே விளம்பர ஐடி வெளியே போகிறது. அதை மறைத்து 'எதுவும் எடுக்கவில்லை' என்று டிக் அடித்தால் தவறான தகவல் என்று அப்டேட்டை நிறுத்துவார்கள். ஆப்பில் அக்கவுண்ட் தொடங்கும் வசதி இருந்தால் அதை நீக்கும் வழி ஆப்புக்குள்ளும் வேண்டும், வெளியே ஓர் இணைய இணைப்பாகவும் வேண்டும்.

காண்டாக்ட்ஸ், போட்டோ, எஸ்எம்எஸ் பெர்மிஷன் எல்லாம் மொத்தமா கேட்டு வெச்சுக்கலாம்தானே?

வேண்டவே வேண்டாம். எஸ்எம்எஸ், கால் லாக் பெர்மிஷன்களைக் கேட்டாலே தனி விளக்கம் தர வேண்டும், பெரும்பாலும் மறுப்புத்தான் வரும். ஓடிபியைத் தானாகப் படிக்க எஸ்எம்எஸ் ரிட்ரீவர் இருக்கிறது, அதற்குப் பெர்மிஷன் தேவையில்லை. ஒரு படத்தை எடுக்க போட்டோ பிக்கர் போதும். ஒரு போன் நம்பரைத் தேர்ந்தெடுக்கப் போனின் சொந்த காண்டாக்ட் திரையையே திறக்கலாம். அந்த ஒரு நம்பர் மட்டும் உங்களுக்கு வரும்.

சில லைப்ரரிகள் உங்களுக்குத் தெரியாமலே பெர்மிஷனைக் கூட்டிக்கொண்டு வரும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் மெர்ஜ்டு மேனிஃபெஸ்ட் என்ற தாவலைத் திறந்து கடைசிப் பட்டியலைப் பாருங்கள். காரணம் சொல்ல முடியாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள்.

என் ஆப்ல ஓடிபி லாகின். ரிவியூ பண்றவங்க எப்படி உள்ள வருவாங்க?

வரமாட்டார்கள். ஆப்பைச் சரிபார்க்கும் கூகுள் ஆட்கள், உள்ளே போக முடியாத ஆப்பை மறுத்துவிடுவார்கள். பிளே கன்சோலில் ஆப் ஆக்ஸஸ் என்ற பகுதியில் எப்போதும் வேலை செய்யும் ஒரு லாகின் விவரம் தர வேண்டும். ஃபயர்பேஸ் பயன்படுத்தினால் போன் லாகின் பகுதியிலேயே ஒரு கற்பனை நம்பரையும் மாறாத ஓடிபியையும் பதிந்துவைக்க வசதி இருக்கிறது. அதைக் கொடுங்கள். உங்கள் சொந்த நம்பரைக் கொடுத்துவிட்டு ராத்திரி விழித்திருந்து பயனில்லை.

தமிழ்ல பேரு வெச்சா 30 எழுத்துக்குள்ள அடங்க மாட்டேங்குதே?

நாம் ஓரெழுத்து என்று நினைப்பதைக் கணினி பெரும்பாலும் இரண்டாக எண்ணுகிறது. 'மொய் நோட்டு' நமக்கு ஐந்தெழுத்து. மெய்க்கு ஒன்று, அதன் மேல் ஏறும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ இன்னொன்று என்று எண்ணி, நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்தால் பதினொன்று. பெயருக்கு 30, சுருக்க விளக்கத்துக்கு 80, முழு விளக்கத்துக்கு 4,000 என்பதே எல்லை. அதனால் தமிழில் முன்னுக்கு வைக்க வேண்டிய சொல்லை முதலில் எழுதுங்கள்.

ஸ்டோர் பக்கத்தை ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக வைக்கலாம். வையுங்கள். மொய்க் கணக்கைத் தேடுபவர் 'மொய்' என்று தமிழிலும் தட்டுவார், ஆங்கில எழுத்திலும் தட்டுவார். படங்களைப் பொறுத்தவரை ஐகான் 512-க்கு 512, ஃபீச்சர் கிராஃபிக் 1024-க்கு 500, ஸ்கிரீன்ஷாட் குறைந்தது இரண்டு. ஸ்கிரீன்ஷாட்டில் வெற்றுத் திரை வேண்டாம், கற்பனைப் பெயர்களைப் போட்டு நிரப்பி எடுங்கள். உண்மையான சொந்தக்காரர் பெயரும் நம்பரும் அதில் போய்விடக்கூடாது.

புது போன்ல மட்டும் கீழ இருக்கற சேவ் பட்டன் மறைஞ்சுபோகுது. என்ன பண்றது?

ஏபிஐ 35-ஐக் குறிவைத்ததும் ஆண்ட்ராய்டு 15 போன்களில் ஆப் திரையின் விளிம்புவரை விரியும். மேலே கடிகாரப் பட்டைக்கும் கீழே நேவிகேஷன் பட்டைக்கும் அடியில் உங்கள் பட்டன்கள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பட்டைகள் பிடிக்கும் இடத்தைச் சொல்லும் இன்செட்ஸ் அளவை வாங்கி அந்த அளவுக்கு பேடிங், அதாவது விளிம்பு இடைவெளி, கொடுக்க வேண்டும். திரையை வடிவமைக்கும் கம்போஸ் கருவியில், திரைச் சட்டகமான ஸ்கஃபோல்டு தரும் பேடிங்கை உள்ளடக்கத்துக்குக் கடத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கூடவே, பெரியப்பா போனில் நடந்ததை நினைவில் வைத்து எழுத்தளவைக் கடைசி எல்லைவரை கூட்டிப் பாருங்கள். உயரத்தை நிலையான எண்ணாகக் கொடுத்த பெட்டிகளில் தமிழின் மேல் சுழிகளும் கீழ் வளைவுகளும்தான் முதலில் வெட்டுப்படும்.

முதல்ல ஃப்ரீயா விட்டுட்டு, நல்லா போனா அப்புறம் விலை வெச்சுக்கலாமா?

இது மாற்ற முடியாதவற்றில் இரண்டாவது. இலவசமாக வெளியிட்ட ஆப்பை விலைக்கு விற்கும் ஆப்பாக மாற்ற முடியாது. விலை வைத்ததை இலவசமாக்கலாம். ஆனால் இலவச ஆப்புக்குள் கூடுதல் வசதிகளைக் காசுக்குத் தரலாம். முதல் ஆப்புக்கு இந்த வழியே நல்லது. அப்படித் தரும் டிஜிட்டல் வசதிக்குப் பிளே பில்லிங்கை இணைக்க வேண்டும். உங்கள் க்யூஆர் கோடைத் திரையில் காட்டிக் காசு வாங்கினால் ஆப் நீக்கப்படலாம். 2021 ஜூலையில் வந்த ஏற்பாட்டின்படி, அதற்குப் பதிந்துகொண்டவர்களுக்கு ஆண்டில் முதல் பத்து லட்சம் டாலர் வரை கூகுளின் பங்கு 15 சதவீதம்.

விளம்பரம் போடுபவர்களுக்கு ஒன்று. சோதிக்கும்போது டெஸ்ட் ஆட் ஐடியை மட்டும் பயன்படுத்துங்கள். சொந்த விளம்பரத்தை நீங்களே தட்டினாலும், நண்பர்களைத் தட்டச் சொன்னாலும் ஆட்மாப் அக்கவுண்ட் முடங்கும்.

ரிஜெக்ட் ஆயிருச்சு அக்கா! வேற அக்கவுண்ட் ஆரம்பிச்சுப் போட்டுரவா?

அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு மறுப்பு என்பது சாதாரண விஷயம், அக்கவுண்ட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தடை செய்யப்பட்ட அக்கவுண்ட்டோடு தொடர்புள்ள அக்கவுண்ட் என்று முத்திரை விழுந்தால்தான் ஆபத்து. வந்த மின்னஞ்சலை முழுதாகப் படியுங்கள். எந்த விதி, எந்த இடம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும், சில நேரம் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கும். பெரும்பாலும் மேலே சொன்ன டேட்டா சேஃப்டி, பெர்மிஷன், லாகின் விவரம் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும். சரிசெய்து திரும்ப அனுப்புங்கள். மறுப்பே தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மேல்முறையீடு செய்யலாம்.

வெளியிட்ட அப்புறம் பெரிய பக் தெரிஞ்சா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிரலாமா?

முடியாது. வெர்ஷன் கோடு மேலேதான் போகும். பழைய புரோகிராமையே புதிய எண் கொடுத்து மறுபடி ஏற்ற வேண்டும், அதற்கும் கூகுளின் ரிவியூ உண்டு. அதனால் அப்டேட்டுகளை முதலில் ஒரு சிறு சதவீதப் பயனர்களுக்கு மட்டும் அனுப்பி, கோளாறு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். முதல் வெளியீட்டுக்கு இந்தச் சதவீத வசதி கிடையாது. அதற்குப் பதிலாக நாடுகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

ரிவியூ ஏழு நாள் வரையோ அதற்கு மேலோ போகலாம். தை முதல் தேதி வெளியிட நினைத்தால் மார்கழி நடுவிலேயே அனுப்பிவிட்டு, மேனேஜ்டு பப்ளிஷிங்கைப் போட்டு வையுங்கள். அனுமதி வந்தாலும் நீங்கள் பட்டனை அழுத்தும் வரை ஆப் காத்திருக்கும்.

அப்டேட் போட்டதும் பழைய டேட்டா எல்லாம் அழிஞ்சிருச்சுன்னு ஒருத்தர் ஒரு ஸ்டார் குடுத்திருக்காரு. எப்படி ஆச்சு?

போனுக்குள் தரவைச் சேமிக்கும் ரூம் (Room) டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசை (column) கூட்டி டேட்டாபேஸ் வெர்ஷனை ஏற்றியிருப்பீர்கள். பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும் மைக்ரேஷன் எழுதச் சோம்பி 'டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்' வரியைப் போட்டிருப்பீர்கள். எழுதும் காலத்தில் அது வசதி. வெளியிட்ட ஆப்பில் அது இருந்தால் டேபிள்களை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும். வெளியிடும் முன் அந்த வரியை நீக்கிவிடுங்கள். மைக்ரேஷன் இல்லாவிட்டால் ஆப் கிராஷ் ஆகும், ஆனால் தரவு அப்படியே இருக்கும். அடுத்த அப்டேட்டில் மீட்டுவிடலாம்.

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால், ஸ்டோரில் உள்ள பழைய வெர்ஷனை ஒரு போனில் இறக்கி, நிஜமாகவே நிறையப் பதிவு போட்டு, அழிக்காமல் அதன் மேலேயே புதியதை ஏற்றிப் பாருங்கள். அழித்துவிட்டு ஏற்றிப் பார்த்தால் இந்தக் கோளாறு உங்கள் கண்ணில் படவே படாது. மொய்க் கணக்கு போன்ற ஆப்பில் இருப்பது யார் வீட்டுக்கு எவ்வளவு திரும்பச் செய்ய வேண்டும் என்ற பதிவு. அதைக் காகிதத்தில் வேறெங்கும் எழுதாமல் உங்கள் ஆப்பை நம்பியிருப்பார்கள். எக்ஸ்போர்ட் பட்டனை முதல் வெர்ஷனிலேயே வைத்துவிடுங்கள்.